மூன்று மீட்டர் அதிகம்

அன்று தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் தலைமை ஆசிரியை. அவருக்கு வலப்பக்கம், காகிதம் வைத்து எழுத வசதியான மேசை ஓரத்தில் மூன்றாம் வகுப்பு அ பிரிவு ஆசிரியையான நான். வாசலை ஒட்டிய நாற்காலியில் பெற்றோர் சார்பில் வந்திருந்த தையற்காரர். கடையைப் பாதி வேலையில் விட்டு வந்ததால் அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. பீரோவுக்குப் பக்கத்து ஸ்டூலில், உறைகளையும் பசைப் புட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு அலுவலக உதவியாளர் அம்மா. ஜன்னலடியில், பெரிய நாற்காலி தீர்ந்துபோனதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தூக்கி வந்த குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட, ஆ பிரிவு ஆசிரியை.

தையற்காரர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுக்கப் போனார். வேண்டாம் என்று ஆ பிரிவு ஆசிரியை கையமர்த்தினார். இப்படியே இருந்தால் எழுந்திருக்கும்போது நாலு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கும், அதுவரை கூட்டம் கலையாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்களுக்குப் பரிதாபமாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்தால் அது ஒரு வேடிக்கையாகிவிடுகிறது.

கோடைப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. பருவம் முடியும்போதெல்லாம் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும். பதினோரு வருடமாக அதை எழுதுவது நான். இந்த முறை அதில் வழக்கத்துக்கு மேல் இரண்டு விஷயங்கள் சேர வேண்டியிருந்தது. முதலாவது, மைதானத்தின் தெருப்பக்கத்து நீளம். அந்தப் பக்கத்துக்குக் கம்பி வேலி தருவதாகச் சொன்ன நகராட்சி இன்ஜினியர், நீளத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே அளந்து உங்கள் கடிதத்தில் எழுதட்டும், அதைப் பார்த்துத்தான் கம்பி வெட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் கடிதத்தின் மூலப்பிரதி தபாலில் அவருக்கு, நகல்கள் பெற்றோருக்கு. இரண்டாவது, அடுத்த ஆண்டு அ, ஆ இரண்டும் ஒரே நாலாம் வகுப்பாகச் சேர்கின்றன. எங்களில் ஒருவர் பிள்ளைகளோடு மேலே போவார். மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு இறங்குவார். யார் என்று அன்றைக்கே முடிவாகிக் கடைசிப் பத்தியில் ஏற வேண்டும்.

எனக்கு அந்த நாலாம் வகுப்பு வேண்டும். வேண்டும் என்பதைவிட, அவருக்குப் போகக் கூடாது. என் பத்தொன்பது பிள்ளைகள் அவர் பின்னால் வரிசையில் போவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

அவர் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினைந்து வருடம் பஸ்ஸில் கண்டக்டர். வேலையில் இருந்துகொண்டே படித்து, ஐம்பது வயதில் ஆசிரியை ஆனவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பாடக்குறிப்பேடு பாதி நாள் எழுத மாட்டார். எழுதினால் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் எழுதுவார். அவருக்கே படிக்க வராது. பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். ஒரு ஊதல் என்றால் நில், இரண்டு என்றால் போ. பிள்ளைகள் அவருக்கு விசில் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் ஒரு பெயர் உண்டு, எதற்கும் அளவுகோல் வைத்தே கோடு போடுவதால் கோடு டீச்சர். தலைமை ஆசிரியை உட்பட எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். நான் மட்டும் டீச்சர் என்பேன்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. மேலே இரண்டு முழம் திறந்தே இருக்கும். கோடைப் பருவம் முழுவதும் நான் கற்பித்தது பாதி, அந்தத் திறப்பு வழியாக வந்த சத்தத்தைக் கேட்டது பாதி.

நீர் ஆவியாதல் பாடத்தை நான் கரும்பலகையில் மூன்று வண்ணச் சாக்பீஸில் படமாக வரைந்து நடத்தினேன். சூரியனுக்கு மஞ்சள், நீருக்கு நீலம், அம்புக்குறிக்குச் சிவப்பு. அதே மணி நேரத்தில் அவர் தன் பிள்ளைகளின் கைக்குட்டைகளையெல்லாம் வாளியில் முக்கி வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, கசக்கி ஒன்று, விரித்து ஒன்று என்று காயப்போடச் சொல்லிவிட்டு, எது முதலில் காயும் என்று பந்தயம் வைத்தார். என் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் படத்தைப் பார்த்து எழுதினார்கள். கண் மட்டும் ஜன்னலில் இருந்தது. நிழல் பாடத்துக்கு அவர் வகுப்பு மணிக்கு ஒரு தரம் வெளியே ஓடி, ஒருத்தியை நிற்க வைத்து, அவள் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்தது. பள்ளி முற்றம் முழுக்க நிழல்கள் கிடந்தன. மதிய இடைவேளையில் என் வகுப்புப் பிள்ளைகள் அந்த நிழல்களுக்குள் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் கணவர், தினமும் தட்டு வைக்கும்போதே கேட்பார்: "இன்னைக்கு விசில் என்ன பண்ணிச்சு?" நான் அந்தம்மா பேச்சே எடுக்கவில்லையே என்பேன். "நீ எடுக்கலேன்னா உனக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். அதான் கேட்டேன்" என்பார்.

மைதானம் அளக்கும் வேலை வந்தபோது, இதிலாவது அவரைத் தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அளவு என்பது என் ராஜ்யம். துணி காயப்போடும் மெல்லிய கயிறு வாங்கி, மீட்டர் கோலை வைத்து இருபது மீட்டருக்கு மீட்டருக்கொரு மைப்புள்ளி வைத்தேன். பிள்ளைகள் கைபட்டுப் புள்ளி அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முடிச்சுப் போட்டேன். இருபது முடிச்சு, ஒன்றுபோல. இரண்டு பேர் கயிறு பிடிக்க, இரண்டு பேர் எண்ண, ஒருவர் எழுத, மற்றவர்கள் வரிசையில் நிற்க, தெருப்பக்கத்தை மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் அறுபத்து நான்கு.

அவர் சைக்கிள் கடையிலிருந்து ஒரு பழைய சக்கரம் வாங்கி வந்தார். டயரில் சிவப்புத் துணி கட்டி, ஒரு சுற்று இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லி, மைதானத்தில் உருட்ட விட்டார். துணி தரையைத் தொடும்போதெல்லாம் ஒரு விசில். மொத்தப் பிள்ளைகளும் சக்கரத்தோடு ஓடினார்கள். இருபத்தொன்பது விசில். கணக்குப் போட்டு அறுபத்தொன்று என்றார்கள்.

இரண்டு எண்ணும் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. எங்கே மூன்று மீட்டர் போயிற்று என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் முன்னால் போய், மண்ணில் சக்கரம் வழுக்கும், கயிறு வழுக்காது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வகுப்பு கை தட்டியது. பதினோரு வருடத்தில் என் பிள்ளைகள் எனக்காகக் கை தட்டிய சத்தம் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது காதிலேயே இருந்தது. அன்று இரவு விசில் பேச்சே எடுக்கவில்லை. கணவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மூன்று மீட்டரைக் காப்பாற்றத்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கயிற்றைச் சுருட்டிப் பையில் கொண்டுபோயிருந்தேன்.

முதலில் என் வரைவைத் தலைமை ஆசிரியை படித்தார். அ பிரிவுக்குப் பதினோரு வரி, ஆ பிரிவுக்கு நாலு வரி. ஆ பிரிவு இவ்வளவுதானா கற்றது என்று கேட்டார். திங்கட்கிழமையே குறிப்பு கேட்டிருந்தேன், எழுத்தில் எதுவும் வரவில்லை என்றேன். அது உண்மைதான். வராந்தாவில் போகிறபோக்கில், நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆ பிரிவு ஆசிரியை சொன்னதும் உண்மை. நான் பார்த்து எழுதினால் நாலு வரிதான் வரும்.

"நாலு வரியே ஜாஸ்தி, மேடம்" என்றார் அவர். "கைக்குட்டை தொலைஞ்சுபோச்சுன்னு ஏழு வீட்டுல கோபமா இருக்காங்க. அதை ஞாபகப்படுத்த வேணாம்."

அதில் ஒரு கைக்குட்டை தன் வீட்டுடையது என்றார் தையற்காரர். ஆனால் எது சீக்கிரம் காயும் என்று மகள் அவருக்கே பாடம் எடுத்தாளாம்.

அடுத்து வேலி. இன்ஜினியருக்கு எந்த எண் போகும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் தயாராக இருந்தேன். சக்கரத்துக்கு எதிராக நாலு காரணம் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முதல் காரணத்துக்கு வாய் திறப்பதற்குள் ஜன்னலடியிலிருந்து குரல் வந்தது.

"அறுபத்தி நாலே போட்டுடுங்க. மூணு மீட்டர் மிஞ்சினா செடிக்குச் சுத்திக்கலாம்."

ஜெயித்துவிட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் அதைக் கொடுத்த விதம் இருக்கிறதே! சில்லறை இல்லாத பயணியிடம், பரவாயில்லை, இறங்குங்க என்று சொல்லும் கண்டக்டர் போல. நான் இறங்க வேண்டுமாம், அவர் விசில் ஊதுவாராம். என் அளவு சரியென்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுக்கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் முகத்திலும், எவ்வளவு பெரிய மனசு என்று எழுதியிருந்தது.

யாரும் எனக்காக விட்டுத்தர வேண்டாம் என்றேன். சரியென்றால் சரி, தவறென்றால் தவறு. இங்கேயே பார்த்துவிடலாம்.

"விடுங்க டீச்சர்" என்றார் அவர். முதல் முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை. "அதான் போட்டுடலாம்னு சொல்லிட்டேனே. எதுக்கு இப்ப அளந்துக்கிட்டு?"

அந்தக் குரல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பையிலிருந்து கயிற்றை எடுத்து நானே போய்த் தையற்காரர் கையில் கொடுத்தேன். நாளெல்லாம் அளக்கிறவர் நீங்கள்தான், எந்த இரண்டு முடிச்சுக்கு நடுவிலும் அளந்து பாருங்கள் என்றேன்.

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்தார். ஒரு முனையை ஒரு முடிச்சில் வைத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தார். படித்தார். அடுத்த முடிச்சுக்குப் போனார். மறுபடி முதல் முடிச்சுக்கு வந்தார். சட்டை சின்னதாகப் போய்விட்டது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லப்போகிற முகம்.

"தொண்ணூத்தஞ்சு" என்றார். "இதுவும் தொண்ணூத்தஞ்சு. இது அரை கம்மி."

நூறு இருக்கும், சரியாகப் பாருங்கள் என்றேன்.

"இல்ல டீச்சரம்மா. நீங்க புள்ளி வெச்சது நூறுதான். அப்புறமா முடிச்சுப் போட்டீங்க இல்ல? முடிச்சு கயித்தைத் தின்னுடும். துணியில மடிப்பு வெச்சாக் குட்டையாயிடும்ல, அது மாதிரிதான். இதுல நாங்களே ஏமாறுவோம்."

கடைசி வாக்கியம் எனக்காகச் சேர்த்தது. மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர். அறுபத்து நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் இருபது. கணக்கை நான் மனதில் போட்டு முடித்தேன். உதவியாளர் அம்மா பசைப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினார்.

தலைமை ஆசிரியை ஆச்சரியப்பட்டார். தையற்காரர் வருத்தப்பட்டார். ஜன்னலடியில் இருந்தவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. ஒன்பது நாளாகத் தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன்.

"உங்க வகுப்புல ரப்பர்னு கூப்பிடுவாங்களே, அந்தப் பொண்ணு. பெருக்குற முறை வந்தப்போ ஆணியில தொங்கின கயித்துக்குப் பக்கத்துல மீட்டர் கோலை வெச்சுப் பார்த்திருக்கா. என்கிட்ட வந்து சொன்னா. உங்க டீச்சர்கிட்டயே சொல்லு, சந்தோஷப்படுவாங்கன்னு நான் சொன்னேன்."

அவள் வரவில்லையே என்றேன்.

"பயந்துட்டா, டீச்சர்."

ரப்பர் என்பது இரண்டாம் வரிசையில் ஓரத்தில் உட்காருபவள். ஒரு வரி எழுதினால் மூன்று முறை அழிப்பாள். அவள் நோட்டில் காகிதம் கிழிந்த இடங்களில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அந்த ஒன்பது நாளும் அவளிடம் நோட்டு வாங்கினேன், திருத்தினேன், திருப்பிக் கொடுத்தேன். அவள் அந்த மூன்று மீட்டரையும் வாயில் அடக்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் தவறைக் கண்டுபிடித்ததில் எனக்கு அவள் மீது ஒரு துளி கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. பலகைத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சொன்னாளே, அதுதான் நெஞ்சில் நின்றது. போனவள் அங்கே எந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பாள், எவ்வளவு நேரம் பேசியிருப்பாள், சிரித்திருப்பாளா என்றெல்லாம் மனம் ஓடியது. என்னிடம் பேசும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதை ஒன்பது நாளாக வைத்துக்கொண்டு, கை தட்டலையும் எனக்கே விட்டுவிட்டு, அறுபத்து நாலே போடுங்கள் என்றாரே ஒருவர், அவரை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். அறுபத்தொன்று என்று எழுதிவிடலாம், இந்தக் கயிற்று விவகாரம் கடிதத்தில் வேண்டாம், பெற்றோருக்கு எதற்கு என்றார். எனக்கு உதவி செய்வதாகத்தான் சொன்னார்.

பிள்ளைகள் கற்றதை எழுதும் கடிதம்தானே, கற்றதை எழுத வேண்டும் என்றேன். வரைவைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். ஆவியாதல், நிழல், எடை, அளவு என்று வரிசையாக எழுதி வந்தேன். கைக்குட்டைப் பந்தயத்துக்கு மூன்று வரி கொடுத்தேன். முற்றத்து நிழல்களுக்கு இரண்டு. மைதானத்துக்கு வந்ததும் இப்படி எழுதினேன்:

'தெருப்பக்கத்து நீளம் அறுபத்தொரு மீட்டர். இது ஆ பிரிவு சக்கரத்தை உருட்டி அளந்தது. அ பிரிவு கயிற்றால் அளந்து அறுபத்து நான்கு என்றது. அளவு குறித்த பிறகு கயிற்றில் முடிச்சுப் போட்டதே தவறு. முடிச்சுகள் கயிற்றைக் குறைத்துவிட்டன. கயிற்றைச் செய்தவர் ஆசிரியை. தவறைக் கண்டுபிடித்தவள் அ பிரிவு மாணவி ஒருத்தி, மீட்டர் கோலை வைத்துத் தானாகவே ஒப்பிட்டுப் பார்த்து.'

யாரிடம் முதலில் சொன்னாள் என்பதை எழுதவில்லை. அது பெற்றோருக்கு வேண்டாத விவரம்.

தலைமை ஆசிரியை அதைச் சத்தமாகப் படித்தார். தையற்காரர், இது நல்லா இருக்கு என்று தலையாட்டினார். நான் நேர்மைக்காக எழுதினேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்தக் கண்டுபிடிப்பு ஆ பிரிவுக் கணக்கில் போய்ச் சேரக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். அவள் என் வகுப்பு. அவள் கண்டுபிடித்ததும் என் வகுப்பு.

"இதைப் படிச்சா அவ துள்ளிக் குதிப்பா, டீச்சர்" என்றார் விசில் டீச்சர்.

அவள் எதற்குத் துள்ளுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவள் துள்ளுவாள் என்பதே அப்போதுதான் தெரியும்.

மிச்சம் கடைசிப் பத்தி. தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் பார்த்து, யாருக்கு நாலாம் வகுப்பு வேண்டும் என்று நேராகவே கேட்டார். விசில் டீச்சர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். இன்னொரு தடவை அவர் எதையாவது விட்டுக்கொடுப்பதை என்னால் தாங்க முடியாது.

"எனக்கு வேணும், மேடம்" என்றேன். "அந்தப் பொண்ணு அடுத்த தப்பை என்கிட்ட வந்து சொல்லணும்."

தலைமை ஆசிரியை பேனா மூடியை மேசையில் இரண்டு முறை தட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அவருக்கும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார் அவர். சிரிக்காமல், சுற்றி வளைக்காமல். இந்த ஒரு தடவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் ஆசைப்படுகிறவர்தான் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நாலாம் வகுப்பு அக்காவுக்கு" என்றார் தலைமை ஆசிரியை. "உங்களுக்கு ஒண்ணாம் வகுப்பு, டீச்சர். அதுங்க புதுசா வருதுங்க. உங்களைப் பத்தி யாரும் இன்னும் ஒண்ணும் சொல்லி வைக்கல. தப்பைச் சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு முதல் நாளே அதுங்க பார்க்கட்டும்."

வாதாட என்னிடம் நாலு காரணம் எழுதி இருந்தது. எல்லாம் சக்கரத்தைப் பற்றியவை.

எழுதினேன். 'வரும் ஆண்டில் நாலாம் வகுப்பை நடத்துபவர்' என்று தொடங்கியதும் தலைமை ஆசிரியை, அனுபவம் மிக்க ஆசிரியை என்று சேர்க்கச் சொன்னார்.

"பஸ் அனுபவத்தையும் சேர்த்தா, மேடம்?" என்று கேட்டேன்.

அது வெளியே வந்த பிறகுதான் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. உதவியாளர் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். விசில் டீச்சர்தான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். குட்டி நாற்காலி கிறீச்சிட்டது.

"சேர்த்துக்குங்க. அங்கதான் ஜாஸ்தி கத்துக்கிட்டேன்."

'அனுபவம் மிக்க' என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையும் கடிதத்திலேயே அழகான எழுத்தாக அமைந்துவிட்டது. கை பழக்கம், நான் ஒன்றும் செய்ய முடியாது. தேதி போட்டேன். தலைமை ஆசிரியை கையெழுத்திட்டார், தையற்காரர் பெற்றோர் சார்பில் இட்டார், அதன் கீழே ஆ பிரிவு இட்டது. அ பிரிவு கடைசியாக இட்டது. உதவியாளர் அம்மா நகல் எடுத்து வந்ததும் மூலப்பிரதியை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். அந்தம்மா எப்போதும் பசையை வழிய வழியத் தடவுவார். நான் வாங்கி நானே தடவி, ஓரத்தை விரலால் அழுத்தி, ஒட்டியதா என்று நகத்தால் ஒரு தடவை சோதித்துவிட்டு, அஞ்சல் தலையை நேராக ஒட்டி, நாலு மணித் தபாலுக்குள் போட்டுவிடும்படி சொல்லி அனுப்பினேன்.